பூட்டுக்கு இல்லாத சட்டம்

பொலிஸ் நிலையத்திலிருந்து தொலைபேசி வந்தபோது ஸல்ஹா பயப்படவேயில்லை. "உங்கட மனிசன் இஞ்சதான் இருக்கிறார், ஒருக்கா வந்திட்டுப் போங்கோ" என்றது ஒரு குரல். இவர்கள் மறுபடியும் எந்தப் பூட்டின் திறப்பைத் தொலைத்துவிட்டு நிற்கிறார்களோ என்றுதான் நினைத்தாள். போன நோன்பிலும் இதே கூத்துத்தான். இடமாற்றம் கிடைத்துப் போன யாரோ ஒருவர் நிலையத்து இரும்பு அலுமாரியின் திறப்பைச் சட்டைப் பையோடு ஊருக்குக் கொண்டுபோய்விட்டார். நோன்பு திறக்கப் பேரீச்சம்பழத்தைக் கையில் எடுத்திருந்த அவள் கணவன் நௌபரை ஜீப் அனுப்பிக் கூட்டிக்கொண்டு போனார்கள். போனான், திறந்து கொடுத்தான், வந்தான். ஒரு வெறும் தேத்தண்ணியாவது கொடுத்தார்களா என்றால் அதுவும் இல்லை.

அதனால் அவள் அவசரப்படவில்லை. உட்துறைமுக வீதியில், இரண்டு பேர் உள்ளே நின்றால் மூன்றாவது ஆள் வெயிலில் நிற்கவேண்டிய அந்தச் சின்னக் கடையில் திறப்பு வெட்டுவதும் பூட்டு விற்பதும் அவள் வேலை. வீடு வீடாகப் போய்ப் பூட்டுத் திறப்பது கணவன் வேலை. மெஷினில் மாட்டியிருந்த திறப்பை அரைத்து முடித்தாள். வாடிக்கைக்காரரிடம் கொடுத்தாள். பக்கத்து வலைக்கடைக்காரரிடம், "ஒரு கண் வச்சுக்கொள்ளுங்க நானா, இப்ப வாறன்" என்று சொல்லிவிட்டு நடந்தாள். வழியில், மாடுகளைப் போல ஊருக்குள் திரிகிற மான்களில் இரண்டு, பழக்கடைக்காரர் எறிந்த அன்னாசித் தோலை மென்றுகொண்டு வீதியை மறித்து நின்றன. அதுகளைச் சுற்றிக்கொண்டு போகும்போதுகூட அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை.

நிலையத்துக்குள் கால் வைத்ததும்தான் நெஞ்சு திக்கென்றது. நௌபர் சுவரோரத்து வாங்குப் பலகையில் இருந்தான். காலில் செருப்பில்லை, இடுப்பில் பெல்ட் இல்லை. வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் போகவேண்டும் என்று காலையில் அவளே இஸ்திரி போட்டு மினுக்கிக் கொடுத்த வெள்ளைச் சட்டையின் கையில் கறுப்பாகக் கிரீஸ் பூசிக் கிடந்தது. மேசையில் அவனுடைய தோல் சுருள் விரித்துப் போடப்பட்டிருந்தது. அதற்குள் கம்பிகள் வரிசையாக இருந்தன: நுனி வளைந்தவை, நெளிந்தவை, தட்டையானவை. திறப்பு தொலைந்த பூட்டை உடைக்காமல் திறக்கிற கம்பிகள். லண்டனில் இருக்கும் நௌபரின் தம்பி பஹ்மி வாங்கி அனுப்பியவை.

"என்ன சேர் இது?" என்றாள்.

மேசைக்குப் பின்னாலிருந்த சார்ஜன்ட் பாக்கியரத்தினம் கம்பிகளைப் பேனாவால் தட்டினார். "வீடுடைக்கிற சாமான். லிங்கநகர்ப் பக்கம் வெளிநாட்டில இருக்கிற ஆக்களின்ட வீடுகளைக் கொஞ்ச நாளா உடைச்சுக்கொண்டிருக்கிறாங்கள், தெரியும்தானே தங்கச்சி. உங்கட மனிசன் அந்தப் பக்கத்தால இதையும் பெட்டிக்குள்ள வச்சுக்கொண்டு வாறார். ஆரின்ட வீட்டுக்குப் போயிட்டு வாறாய் எண்டு கேட்டா வாய் திறக்கிறாரில்லை."

ஸல்ஹா கணவனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான். கல்லுளிமங்கன்.

வாய் திறக்காததற்குக் காரணம் அவளுக்குத் தெரியும். தொழிலில் நௌபர் தனக்கென்று இரண்டு முறைகள் வைத்திருந்தான். ஒன்று, எந்தப் பூட்டையும் அவன் முழுதாகத் திறப்பதில்லை. ஒரு கம்பியால் உள்ளே ஆட்டி ஆட்டிச் சரிக்கட்டிவிட்டு, மற்ற வளைந்த கம்பியை வீட்டுக்காரர் கையில் கொடுத்து, "கடைசித் திருப்பை நீங்க திருப்புங்க" என்பான். திறந்தது வீட்டுக்காரரின் கையாகத்தான் இருக்கவேண்டும், தன் கையாக இருக்கக் கூடாது என்பது அவன் நியாயம். இரண்டாவது, திறந்த கதவைப் பற்றி வெளியே மூச்சு விடமாட்டான். யார் வீட்டில் யார் யாரைப் பூட்டி வைத்தார்கள், எந்த அலுமாரியை யாருக்குத் தெரியாமல் யார் திறந்தார்கள் என்று அவன் வாயைத் திறந்தால், ஊரில் பாதிப் பேர் முக்காடு போட்டுக்கொண்டு திரியவேண்டி வரும் என்று ஸல்ஹாவே பகிடி பண்ணுவாள். அந்தப் பகிடி இன்றைக்கு இங்கே வந்து இருந்துகொண்டிருந்தது. பொலிஸ்காரன் மறித்து எங்கே போய் வருகிறாய் என்று கேட்க, இந்த மனிதன், "ஒரு வேலையாப் போனனான்" என்று சொல்லிவிட்டு வாயைப் பூட்டிக்கொண்டிருக்கிறான். எந்த நேரத்தில் எதைக் காப்பாற்றுவது என்று ஒரு கணக்கு வேண்டாமா?

"ஞானசேகரம் ஐயாட வீட்ட போனவர்" என்றாள். "துறைமுகத்தில பெரிய வேலை பாத்து பென்சன் எடுத்தவர். காலமை எங்கட கடைக்கு முன்னால ஸ்கூட்டியில வந்து நிண்டவர். நான் ஷட்டரைத் தூக்கிக்கொண்டு நிண்டனான். என்ட கண்ணால பாத்தனான்."

"ஓம், விலங்கைக் காட்டினாப் பிறகு இவரும் அந்தப் பேரைச் சொன்னவர்தான்" என்றார் சார்ஜன்ட். "நான் உடனயே ஐயாவுக்கு ஃபோன் எடுத்தனான். தான் ஒருத்தரையும் கூப்பிடேல்ல, இப்பிடி ஒரு ஆளைத் தனக்குத் தெரியவே தெரியாது எண்டுறார்."

ஸல்ஹாவுக்கு ஒரு கணம் காது அடைத்தது. நேரே கடைக்கு வந்து, நௌபரைத் தள்ளிக் கூட்டிக்கொண்டு போய்க் குசுகுசுத்துவிட்டு, அவளைப் பார்த்துச் சிரித்துவிட்டும் போன மனிதர். முழுசாக ஒரு பொழுதுகூடப் போகவில்லை, தெரியவே தெரியாதாம்.

"அவர் பொய் சொல்லுறார் சேர்."

"பெண்சாதி புருசனுக்காகக் கதைக்காம வேற ஆருக்காகக் கதைக்கும்? அதெல்லாம் சாட்சியில்ல தங்கச்சி."

அவள் கை தானாக நீண்டது. சார்ஜன்டின் முதுகுக்குப் பின்னால் நின்ற இரும்பு அலுமாரியைக் காட்டியது. "அதைத் திறந்ததும் இந்தக் கம்பிதான். நீங்களும் பக்கத்தில நிண்டனீங்க. கடைசித் திருப்பு உங்கட கையாலதான் திருப்பினீங்க. அண்டைக்கு இது வீடுடைக்கிற சாமானாத் தெரியேல்லையா?"

பாக்கியரத்தினத்தின் முகம் கறுத்தது. "அது நாங்க கூப்பிட்டு வந்தது."

"இதுவும் ஒருத்தர் கூப்பிட்டுத்தான் போனவர்."

"அந்த ஒருத்தர் இல்லையெண்டுறாரே. நான் என்ன செய்யிறது? பின்னேரம் நீதவானுக்கு முன்னால கொண்டு போறம். சொல்லவேண்டியதை அங்க சொல்லுங்கோ."

கொண்டுபோனால் என்ன நடக்கும் என்று யாரும் அவளுக்கு விளக்கவேண்டியதில்லை. விளக்கமறியல். இரண்டு கிழமையோ, நான்கோ. சிறைச் சோறு தின்றுவிட்டு ஒருநாள் வந்துவிடுவான்தான். ஆனால் வந்தபின் யார் கூப்பிடுவார்கள்? கதவைத் திறக்க ஒருவனைக் கூப்பிடுகிறவர் முதலில் பார்ப்பது அவன் பெயரைத்தான். வீடுடைத்தான் என்று மறியலுக்குப் போனவனை எந்தப் பொம்பிளை தன் அறைக் கதவுக்கு முன்னால் முழங்காலில் இருக்க விடுவாள்? இன்றைக்குப் பின்னேரத்தோடு நௌபர் இந்த ஊருக்குக் கள்ளன். அவ்வளவுதான் கதை.

"ஒண்டும் கதைக்க வேணாம், வீட்ட போ" என்றான் நௌபர் மெதுவாக.

"நீங்க வாயை மூடிக்கொண்டு இருங்க" என்றாள். "அதில நீங்க கெட்டிக்காரன்தானே."

நீதிமன்றத்துக்கு எதிரே சட்டத்தரணி சுலோஜனாவின் அலுவலகம். திறப்பை உள்ளே வைத்து இழுத்துச் சாத்திவிட்டு வாசலில் நின்று அழுகிற நிலையில் இருந்தவளுக்கு ஒருதடவை நௌபர்தான் கதவைத் திறந்து கொடுத்தவன். சுலோஜனா எல்லாவற்றையும் கேட்டாள். கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். சட்டத்தரணிமார் கண்ணாடி துடைத்தால் நல்ல செய்தி வராது.

"அவர் பூட்டுத் திறக்கிற தொழில் செய்யிறவர் எண்டு நானே சொல்லுவன், ஸல்ஹா. ஆனா அது காணாது. பூட்டுத் திறக்கத் தெரிஞ்சவன்தானே வீட்டையும் திறப்பான் எண்டு பொலிஸ் சொல்லும். இண்டைக்குக் காலமை அந்தக் கம்பியோட அந்த றோட்டில ஏன் வந்தவர் எண்டதுக்கு நியாயமான காரணம் காட்டவேணும். காட்டவேண்டியது நீங்கள். பொலிஸ் இல்லை."

"இதென்ன நியாயம் மிஸ்? களவெடுத்தவன் எண்டு சொல்லுறவன்தானே காட்டவேணும். பஹ்மி லண்டன்ல கடையில காசு குடுத்து வாங்கி, தபால்லதான் அனுப்பினவன். அங்க இது குற்றமில்லையாம்."

"அங்க வேற. அங்க வீட்டில வச்சிருக்கலாம். வெளியில கொண்டு திரிஞ்சா, களவுக்குத்தான் கொண்டு திரிஞ்சவன் எண்டு பொலிஸ்தான் காட்டவேணும். ஜப்பான்ல காரணமில்லாமல் வச்சிருக்கவே விடமாட்டாங்கள். அமெரிக்காவில ஒரு மாநிலத்தில ஒரு சட்டம், பக்கத்து மாநிலத்தில இன்னொரு சட்டம். கம்பி ஒண்டுதான், கடல் தாண்டத் தாண்ட அதின்ட குற்றம் மாறும். இஞ்ச இப்பிடி."

ஸல்ஹா கேட்டுக்கொண்டிருந்தாள். கேட்கக் கேட்க ஒரு கேள்வி தொண்டைக்குள் வந்து நின்றது. "அப்ப பூட்டுக்கு?"

"பூட்டுக்கு என்ன?"

"ஒருத்தன் பூட்டைக் கொண்டு திரிஞ்சா? ஏன் கொண்டு திரியிறாய், ஆரைப் பூட்டப் போறாய் எண்டு கேக்கிற சட்டம் எந்த நாட்டில இருக்கு மிஸ்?"

சுலோஜனா சிரித்துவிட்டாள். "எனக்குத் தெரிஞ்சு எங்கயும் இல்லை. பூட்டு வச்சிருக்கிறவனை ஆரும் கள்ளன் எண்டு நினைக்கிறேல்லையே." பிறகு சிரிப்பை நிறுத்தினாள். "பகிடி இருக்கட்டும். எப்பிடியாவது அந்த ஞானசேகரத்தை உண்மை சொல்ல வையுங்கோ. அது ஒண்டுதான் வழி. கெஞ்சிக் கேளுங்கோ."

கெஞ்சவாம். ஸல்ஹா எழுந்தாள். கடைக்குப் போனாள். மேல் தட்டின் மூலையில் தூசி பிடித்துக் கிடந்த ஆமைப்பூட்டை எடுத்தாள். சின்னப் பிள்ளையின் தலை அளவு பூட்டு, வளையத்தில் இரும்பறுக்கிற வாள் வைக்க இடமில்லாதபடி இரண்டு பக்கமும் இரும்புத் தோள் ஏற்றியது. மீன் குளிரறைக்கு என்று யாரோ சொல்லி எடுப்பித்துவிட்டு வாங்காமல் போன சாமான். அதைக் கைப்பைக்குள் போட்டாள். திறப்பை முந்தானை நுனியில் முடிந்தாள். ஓட்டோவில் ஏறும்போது பையின் பாரம் தோளை இழுத்தது. லிங்கநகர் போகும் வழியில் காவலரணில் பொலிஸ்காரன் ஓட்டோவை மறித்தான். பைக்குள் எட்டிப் பார்த்தான். பூட்டைக் கண்டான். போ என்று கை காட்டினான்.

ஞானசேகரத்தின் வீடு மாடி வீடு. சுற்றி ஆளுயரத்துக்கும் மேலே மதில், மதில் மேலே உடைந்த கண்ணாடித் துண்டுகள். முன்னால் பூ வேலைப்பாடு செய்த பெரிய இரும்பு கேற். அது ஒன்றுதான் வாசல். அவள் கேற்றைத் தட்டியதும் அவர் சாரத்தைச் சரிசெய்துகொண்டு உள்ளேயிருந்து வந்தார். அவளைக் கண்டதும் நடை தளர்ந்தது. ஆனால் குரல் தளரவில்லை.

"ஆர் நீங்கள்?"

அதைக் கேட்டதும்தான் அவளுக்கு எல்லாம் போதும் என்றாகிவிட்டது. இருந்தும் பொறுத்தாள். சுலோஜனா கெஞ்சச் சொன்னாளே. "ஐயா, நான் திறப்புக்கடை நௌபர்ட பெண்சாதி. காலமை சிரிச்சிட்டுப் போனீங்களே. என்ட மனிசனைப் பிடிச்சு வச்சிருக்கிறாங்க. நீங்க கூப்பிட்டுத்தான் வந்தவர் எண்டு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். விட்டுடுவாங்க."

"நான் ஒருத்தரையும் கூப்பிடேல்ல."

"ஐயா, கூப்பிட்டனீங்க."

"பிள்ளை, நான் மரியாதையான மனிசன். தேவையில்லாம என்னை இதுக்குள்ள இழுக்காதேங்கோ. ஆள் மாறி வந்திருக்கிறீங்கள். போங்கோ."

"எந்தக் கதவைத் திறந்தீங்க எண்டு எனக்குத் தெரியாது. தெரியவும் தேவையில்ல. அவர் எனக்கே சொல்லமாட்டார். பொலிஸ் விலங்கைக் காட்டுமட்டும் உங்கட பேரைச் சொல்லேல்ல அந்த மனிசன். உங்கட மானத்தைக் காப்பாத்தத்தான் வாயை மூடிக்கொண்டு இருந்தவர். நீங்க அவர்ட மானத்துக்கு என்ன செஞ்சீங்க?"

அவர் கண்ணை வேறு பக்கம் திருப்பினார். அப்படியே உடம்பையும் திருப்பிக்கொண்டு வீட்டை நோக்கி நடந்தார். செருப்புச் சத்தம் சீமெந்துத் தரையில் சரக் சரக்கென்று போனது. ஒரு மனிதனைக் கிணற்றுக்குள் தள்ளிவிட்டு இவரால் இப்படி நடக்க முடிகிறதே என்று ஸல்ஹா பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு பையைத் திறந்தாள். பூட்டாமல் சாத்தியிருந்த கேற்றின் இரண்டு கதவையும் சேர்த்து இழுத்தாள். கொளுவியில் ஆமைப்பூட்டை மாட்டி அமுக்கினாள்.

அந்தச் சத்தத்துக்கு ஞானசேகரம் திரும்பி ஓடிவந்தார்.

"என்ன செய்யிறீங்கள்? என்ன செய்யிறீங்கள் நீங்கள்?"

"பூட்டினனான் ஐயா. ஆரோ ஒரு பொம்பிளை வந்தவ, ஆள் மாறி வந்தவ, பூட்டிட்டுப் போயிட்டா எண்டு சொல்லுங்க. என்னைத்தான் உங்களுக்குத் தெரியாதே."

அவர் கேற்றைப் பிடித்து உலுக்கினார். அது அசையவில்லை. "திறவுங்கோ. இப்ப திறவுங்கோ. நான் பொலிஸைக் கூப்பிடுவன்."

"கூப்பிடுங்க" என்றாள் ஸல்ஹா. எதிர்ப்பக்க வேப்பமர நிழலில் போய், ஒரு கல்லில் இருந்தாள். அங்கேயிருந்து பார்க்க, கம்பிகளுக்குப் பின்னால் சாரமும் பெனியனுமாக நின்ற மனிதர் மறியல்காரனைப் போல்தான் இருந்தார். நன்றாக இருக்கட்டும் என்று நினைத்தாள். பின்னேரத்துக்கு ஒரு ஆள் கம்பிக்குள் போகத்தான் வேண்டும் என்றால் இவர் போகட்டும்.

காலையில் தன்னோடு பேசிய சார்ஜன்டின் இலக்கம் ஞானசேகரத்தின் கைபேசியில் இருந்தது. அதற்கே எடுத்தார். ஜீப் வந்தது. பாக்கியரத்தினம் இறங்கினார், பின்னால் ஒரு கான்ஸ்டபிள். சார்ஜன்ட் பூட்டைப் பார்த்தார், உள்ளே நின்றவரைப் பார்த்தார், மரத்தடியில் இருந்தவளைப் பார்த்தார்.

"உங்களுக்கென்ன விசரா தங்கச்சி? திறப்பைத் தாங்கோ."

"துலைஞ்சிட்டு சேர்."

"பகிடி விடுறீங்களா? ஒரு மனிசனைப் பூட்டி வைக்கிறது குற்றம் தெரியுமா?"

"பூட்டுறது குற்றம், சரி. பூட்டுக் கொண்டு வாறது குற்றமில்லையே. உங்கட ஆக்கள்தான் வழியில என்ட பையைப் பாத்தவங்க. இவ்வளவு பெரிய பூட்டு இருந்தது. ஏன் கொண்டு போறாய், ஆரைப் பூட்டப் போறாய் எண்டு ஒரு வார்த்தை கேக்கேல்ல. போ எண்டு விட்டவங்க. திறக்கிறவனைத்தான் மறிப்பீங்க."

சார்ஜன்ட் பல்லைக் கடித்தார். "இப்ப இதை எப்பிடித் திறக்கிறது?"

"திறப்பு துலைஞ்சா எப்பிடித் திறக்கிறது எண்டு உங்களுக்குத் தெரியும்தானே. நோன்புக்குள்ள செஞ்சீங்களே. அதுக்கு ஒரு ஆள் இருக்கிறார். அவரை நீங்கதான் உள்ள வச்சிருக்கிறீங்க. சாமானையும் நீங்கதான் வச்சிருக்கிறீங்க."

"டேய்" என்றார் சார்ஜன்ட் கான்ஸ்டபிளிடம். "சந்தியில வெல்டிங் கடை இருக்கு. போய்க் கிரைண்டரோட ஒருத்தனைக் கூட்டிக்கொண்டு வா. பூட்டை வெட்ட ஏலாது போல. கேற் கொளுவியை வெட்டி எடுப்பம்."

இதைக் கேட்டதும் உள்ளே நின்ற ஞானசேகரம் பதறிப்போனார். இரண்டு கையாலும் கொளுவியைப் பொத்திப் பிடித்துக்கொண்டார். "ஐயோ, கேற்றை வெட்டாதேங்கோ சேர். மகள் கனடாவில இருந்து காசனுப்பிச் செய்விச்ச கேற். ஒரு கீறல் விழுந்தாலும் எனக்குத்தான் பேச்சு. உடைக்காமத் திறக்கலாம் சேர். அந்தப் பொடியனைக் கொண்டு வாங்கோ, நிமிசத்தில திறப்பான். வலு சுகம். ஒரு கம்பியை அவன் உள்ளுக்க விட்டு ஆட்டுவான், மற்ற வளைஞ்ச கம்பியை என்னட்டத் தரட்டும். கடைசித் திருப்பை நானே திருப்பிறன். காலமையும் அப்பிடித்தானே…"

அவர் அங்கேதான் நிறுத்தினார். நிறுத்தி என்ன பிரயோசனம்?

பாக்கியரத்தினம் மெதுவாகக் கேற்றுக்குக் கிட்டே போனார். "காலமை என்ன ஐயா?"

ஞானசேகரம் கொளுவியிலிருந்து கையை எடுத்தார்.

"எந்தக் கதவை ஐயா திருப்பினனீங்கள்? சொல்லுங்கோ. ஆளைத் தெரியவே தெரியாது எண்டு எனக்குச் சொன்னனீங்கள்."

ஞானசேகரம் கேற்றில் நெற்றியை வைத்தார். பேசியபோது குரல் அடியோடு மாறியிருந்தது. "மேல் அறை. ஏசி அறை. இந்த வீடு நான் கட்டினது, சேர். துறைமுகத்தில உழைச்ச முழுக் காசும் இதுக்குள்ளதான். மகளுக்குச் சீதனமா எழுதிக் குடுத்தன், எங்கட வழக்கம் அதுதானே. போன வருசம் கமலாதேவியும், என்ட மனிசி, அங்க பேரப்பிள்ளையைப் பாக்கப் போயிட்டா. மகள் வந்து நிண்டிட்டுப் போகேக்க மேல் மாடி முழுக்கப் பூட்டித் திறப்பைக் கொண்டு போயிட்டாள். அப்பா சாமான்களைப் பழுதாக்கிப்போடுவாராம். எனக்குக் கீழ் அறையும் குசினியும். இந்த வெக்கையில கீழ ஒரு கண் மூட ஏலாது. ஒரு நாள் நல்லா நித்திரை கொள்ளுவம் எண்டு… நான் கட்டின அறையைத் திறக்க ஆள் பிடிச்சனான் எண்டு நாலு பேருக்கு முன்னால என்னெண்டு சொல்லுறது? மகளின்ர காதுக்குப் போனா?"

கான்ஸ்டபிள் குனிந்துகொண்டான். சார்ஜன்டுகூடத் தொண்டையைச் செருமினார். ஸல்ஹாவுக்கும் ஒரு கணம் என்னவோ செய்தது. இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் நௌபர் செருப்பில்லாமல் வாங்கில் இருந்தது கண்முன்னே வந்தது. அந்த இரக்கம் வந்த வழியே போய்விட்டது.

"நீங்க கட்டின வீட்டில நீங்க படுக்கிறதுக்கு உங்களுக்கு வெக்கம்" என்றாள், கேற்றுக்கு முன்னால் வந்து நின்று. "அந்த வெக்கத்துக்காக என்ட மனிசன் மறியல்ல படுக்கவேணும். கள்ளன் எண்ட பேரோட சாகுமட்டும் திரியவேணும். அப்பிடித்தானே ஐயா? உங்களைப் பூட்டி வச்சது உங்கட மகள். அவவோட கதைக்க உங்களுக்குத் தைரியம் இல்ல. தெரியாதவன் எண்டு சொல்ல என்ட மனிசன்தான் கிடைச்சவர். அவர் ஏழை, பதில் சொல்லமாட்டார், அதாலதானே?"

அவர் தலையை ஆட்டினார். ஆம் என்றா, இல்லை என்றா, யாருக்கும் விளங்கவில்லை.

ஸல்ஹா முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். திறப்பை எடுத்தாள். அவள் திறப்பைப் பூட்டுக்குள் விட்டாள். திருப்பவில்லை. கையை எடுத்தாள்.

"கடைசித் திருப்பை நீங்கதான் திருப்பவேணும் ஐயா. அதுதான் எங்கட முறை."

ஞானசேகரம் கம்பிகளுக்கு இடையால் கையை நீட்டினார். விரல் இரண்டு தரம் வழுக்கியது. மூன்றாம் முறை பூட்டுத் திறந்தது.

நிலையத்தில் அவருடைய வாக்குமூலத்தை எழுதி எடுக்க வெகுநேரம் பிடித்தது. தன்னைப் பூட்டி வைத்தது பற்றி முறைப்பாடில்லை என்றும் அவரே எழுதச் சொன்னார். ஜும்ஆ முடிந்து பள்ளிவாசலிலிருந்து வந்தவர்கள் வீதியால் போய்க்கொண்டிருந்தார்கள். அதற்குள் விஷயம் நௌபரின் காதுக்கும் வந்துவிட்டது. நீதவானிடம் போகத் தேவையில்லை என்றார்கள். செருப்பைக் கொடுத்தார்கள், பெல்ட்டைக் கொடுத்தார்கள். அவன் மனைவியைப் பார்த்த பார்வையில் சந்தோஷம் இருந்தது, ஆனால் அது முழுசாக இல்லை.

"அந்த மனிசன்ட வீட்டுக் கதை இனி ஊர் முழுக்கத் திரியும்" என்றான் தாழ்ந்த குரலில். "நான் ஒருத்தருக்கும் சொல்லேல்ல ஸல்ஹா. ஒரு நாளும் சொன்னதில்ல."

அவளுக்கு வந்த கோபத்துக்கு அங்கேயே அவனுக்கு இரண்டு போட்டிருப்பாள். "ஓம், நீங்க சொல்லேல்ல. அதால அவர்தான் சொன்னார், நீங்க கள்ளன் எண்டு. உங்கட முறையை நீங்க ஊருக்கு வச்சிருங்க. எனக்கு வேணாம். இனி ஆரும் பொலிஸ் மறிச்சா, போன வீட்டைச் சொல்லுங்க. குசினிக் கதவோ, படுக்கையறைக் கதவோ, எல்லாத்தையும் சொல்லுங்க. இல்லாட்டி இந்தத் தொழிலை விட்டுட்டு வலை பின்னப் போங்க."

நௌபர் மேசைக்குப் போனான். தோல் சுருளைச் சுருட்டக் கையை நீட்டினான். பாக்கியரத்தினம் அதை மெதுவாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"ஆளை விடுறம். கம்பியை விட ஏலாது. பதிஞ்சாச்சு. மேலிடத்துக்கு எழுதிக் கேட்டு, அவையள் சொன்னாப் பிறகுதான்."

"அதில்லாம நான் என்னெண்டு தொழில் செய்யிறது சேர்?"

"அது எனக்குத் தெரியாது. சட்டம் அப்பிடி. ஏதும் அவசரம் எண்டா நாங்களே கூப்பிடுவம்தானே. இஞ்ச வந்து எடுத்துத் திறந்து தந்திட்டு, திருப்பி இஞ்சயே வச்சிட்டுப் போகலாம்."

சொல்லிவிட்டு எழுந்தார். அந்த இரும்பு அலுமாரியைத் திறந்தார், சுருளை உள்ளே வைத்தார், பூட்டினார். இந்தத் தடவை திறப்பைப் பத்திரமாகத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். நௌபர் அதைப் பார்த்துக்கொண்டு நின்றான். எதிர்த்துப் பேச அவனுக்குத் தெரியாது.

ஸல்ஹா மேசையைப் பார்த்தாள். கேற்றிலிருந்து கான்ஸ்டபிள் கழற்றிக்கொண்டு வந்த ஆமைப்பூட்டு அதன் மேல் கிடந்தது, வளையம் திறந்தபடி, திறப்பு அதிலேயே தொங்கிக்கொண்டு. ஒரு மனிதனைக் கொஞ்ச நேரத்துக்கு முன்னால் அடைத்து வைத்த சாமான்.

"அதையும் பதிஞ்சீங்களா சேர்?"

"எதை?" சார்ஜன்ட் திரும்பிப் பார்த்தார். "ஓ, இதா. இது பூட்டுத்தானே தங்கச்சி. இதுக்கென்ன, கொண்டு போங்கோ."

அவள் பூட்டை எடுத்தாள். ஒரு தரம் அமுக்கிப் பூட்டிப் பார்த்தாள். பையில் போட்டாள். வாசலில் நின்ற பொலிஸ்காரன் அவள் பைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, போ என்று கை காட்டினான். நௌபரை மறித்து, இரண்டு கையையும் தூக்கச் சொல்லி, சட்டைப் பையிலிருந்து காற்சட்டை மடிப்பு வரை தடவிப் பார்த்தபிறகுதான் விட்டான்.